பூசானில் கேட்ட மணி

பீபிசாராவுக்கு ரயில்வே கேட்டில் வேலை கிடைத்தபோது வயது இருபத்தாறு. இப்போது ஐம்பத்திரண்டு. கொங்ராத் நகரத்துக்கு வடக்கே, பாலைக்குள் ஒற்றைத் தண்டவாளமும் ஒற்றைச் சாலையும் குறுக்கிடும் இடத்தில் அவளுடைய செங்கல் அறை. சற்றுத் தள்ளி ஒன்பது வீடுகள். ஐந்தில்தான் ஆள். மற்றவர்கள், பக்கத்திலிருந்த உள்நாட்டுக் கடல் வற்றியதும் ஊரை விட்டே போய்விட்டார்கள். கஜகஸ்தானுக்குக் கட்டட வேலைக்குப் போன அவள் கணவனும் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. "சரக்கு ரயிலாவது சொன்னா சொன்னபடி வருது" என்பாள்.

காதுதான் அவளுடைய சொத்து. ரயில் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, வருவது காலிப் பெட்டியா பாரம் ஏற்றியதா என்று சொல்லிவிடுவாள்.

மகள் சர்பினாஸ் நர்சு படித்தவள். அந்தக் குடும்பத்தில் பட்டயம் வாங்கிய முதல் ஆள். அதை அம்மா கண்ணாடி போட்டு கேட் அறையிலேயே மாட்டியிருந்தாள். ஆனால் மாவட்ட ஆஸ்பத்திரியில் இடம் காலியில்லை. அப்போதுதான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறேன் என்று போனில் அமங்கெல்தி என்பவன் வந்தான். கொரியாவில், பூசான் நகரத்தில், முதியோர் இல்லத்தில் வேலை. மொழித் தேர்வு கிடையாது. நேர்காணல் கிடையாது. வெள்ளிக்கிழமை கார் வரும், பாஸ்போர்ட்டை டிரைவர் கையில் கொடுத்துவிட்டு ஏறினால் போதும்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க தங்கச்சி, கண்ணு பட்டா விசா நின்னுரும்" என்றான்.

கண்ணேறு என்றால் அந்தப் பக்கம் யாருக்குத்தான் பயமில்லை? அம்மாவும் மகளும் வாயைத் திறக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் உப்புக்காற்று அடித்தது. வெயில் இருந்தும் வானம் சுண்ணாம்பாக வெளுத்து, சாலை எங்கே முடிகிறது, வெளி எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. பீபிசாரா பால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சர்பினாஸ், ஏற்கெனவே பூசானில் வேலை பார்க்கும் பெண்கள் அனுப்பிய குரல் பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டாள்.

"நான் தாஸாகுல். பூசான்ல இருக்கேன். சாப்பாடு நல்லா இருக்கு. சம்பளம் சரியா வருது. கவலைப்படாம வாங்க."

அடுத்தவள் வேறு பெண். ஆனால் அதே நாலு வாக்கியம், அதே இடத்தில் மூச்சு. ஒருத்தி குரலிலும் சிரிப்பில்லை.

"என்னடி இவளுங்க, பள்ளிக்கூடத்துல பாட்டு ஒப்பிக்கற மாதிரி?"

"வேலை நேரத்துல பேசறாங்கம்மா. உங்க மாதிரி ஒரு நாளைக்கு ஆறு ரயில் பாத்துட்டு உக்காந்திருக்காங்களா?"

"ஏழுடி. சரி, அந்த முதல் பொண்ணை இன்னொரு தடவை போடு."

போட்டாள். பீபிசாரா கெண்டியைக் கீழே வைத்தாள். மூன்றாவது முறை கேட்டபோது அவள் உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

போன வருஷம் ஒரு லாரி மோதியதிலிருந்து அவளுடைய கேட் மணி ஒழுங்காக அடிப்பதில்லை. ஆறு அடி அடிக்கும், ஏழாவதை விழுங்கிவிடும், மறுபடி ஆறு. தாஸாகுலின் குரலுக்குப் பின்னால், காற்றுக்கு அப்பாலிருந்து வருவதுபோல மெல்லிசாக, ஆறு அடி. ஒரு வெறுமை. மறுபடி ஆறு.

"இது நம்ம மணி."

"உலகத்துல உங்ககிட்ட மட்டும்தான் மணி இருக்கா? கொரியாவுல ரயிலே ஓடாதா?"

"ஓடும். பல்லுப் போன மணி அங்கயும் இருக்குமா?"

சர்பினாஸ் சிரிக்க ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்தினாள்.

வெகுநேரம் கெஞ்சி அமங்கெல்தியிடம் அனுமதி வாங்கினாள். தாஸாகுலோடு நேரடியாக ஒரே ஒரு நிமிஷம் பேசலாம். மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் எந்த ரயிலும் இல்லை. கேட்டை அடைத்தால்தான் மணி அடிக்கும்; ஆனால் ரயில் இல்லாமல் அடைத்தால் வேலை போகும். இருபத்தாறு வருஷத்தில் பீபிசாரா அப்படிச் செய்ததே இல்லை.

மூன்றுக்கு அழைப்பு வந்தது.

"அக்கா, அங்க பனி பெய்யுதா?" என்றாள் சர்பினாஸ்.

"பெய்யுது. சாப்பாடு நல்லா இருக்கு. சம்பளம் சரியா..."

பீபிசாரா பொத்தானை அழுத்தினாள். கம்பம் இறங்கியது. சாலையின் குறுக்கே, வண்டி தாண்ட முடியாதபடி இரும்புத் தட்டுகள் நிமிர்ந்தன. மணி அடிக்கத் தொடங்கியது.

சர்பினாஸுக்கு ஒரு காதில் ஜன்னல் வழியாகவும், மறு காதில் போன் வழியாகவும் அதே மணி கேட்டது. போனில் ஒரு நொடி தாமதமாக, பின்னாலேயே யாரோ நடந்து வருவதுபோல. ஆறு அடி. இரண்டு பக்கமும் வெறுமை. ஆறு அடி.

அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. பிறகு ஒப்பிக்கும் குரல் போய், ஒரு பெண்ணின் சொந்தக் குரல் கிசுகிசுத்தது.

"தங்கச்சி... அந்த மணி உனக்கும் கேக்குதா? அது எந்த ஊரு?"

அழைப்பு அறுந்தது.

இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குரல் பதிவுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியில் அமங்கெல்தியின் படமும் போய், சாம்பல் வட்டம் மட்டும் நின்றது.

"அம்மா, அந்தப் பொண்ணுங்க ஏமாத்தறவங்க இல்ல. ஏமாந்தவங்க."

"தெரியுது. வெள்ளிக்கிழமைக்கு மேல நீயும் அதே நாலு வாக்கியத்தைத்தான் ஒப்பிச்சிருப்பே" என்றாள் பீபிசாரா. உடனே ரயில்வே ஸ்டேஷன் போனை எடுத்தாள். விஷயத்தை ஆறு வார்த்தையில் சொன்னாள். போலீஸ் வர இருபது நிமிஷம் ஆகும், கேட்டைத் திறக்காதே என்றார் ஸ்டேஷன் அதிகாரி.

வெண்மைக்குள்ளிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட வேன் ஒன்று வந்து கம்பத்துக்கு முன்னால் நின்றது. ஓட்டியவன் முகம் அவளுக்குத் தெரியும். கடைசி வீட்டை வாடகைக்கு எடுத்து, பறவை கணக்கெடுக்கிறேன் என்று சொன்னவன். இரண்டு மாதமாகத் தினமும் அவளுடைய மாட்டுப் பாலை வாங்குகிறான். ஒருத்தன் எதற்கு நாலு லிட்டர் குடிக்கிறான் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

"தொறங்கக்கா. ரயிலே இல்லையே."

"வருது தம்பி."

"எந்த ரயிலு?"

"இருபத்தாறு வருஷமா கேட் போடறது நானா நீயா? உக்காரு, பேசாம."

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். அந்தப் பக்கம் சாலை வற்றிய துறைமுகத்தோடு முடிகிறது. அதற்கு மேல் மணல்தான். மறுபடி கம்பத்தைப் பார்த்தான், தட்டுகளைப் பார்த்தான். ஸ்டீயரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தான்.

சர்பினாஸ் அறையை விட்டு இறங்கி நடந்தாள். அம்மா கூப்பிட்டதை அவள் கேட்கவில்லை. வேனின் பின்பக்கக் கண்ணாடியில் முகத்தை ஒட்டினாற்போல் நின்று, "தாஸாகுல் அக்கா?" என்றாள்.

உள்ளே இருட்டில் ஏதோ அசைந்தது. ஒரு உள்ளங்கை கண்ணாடியில் வந்து பதிந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று.

"நாங்க மூணு பேரு இருக்கோம்" என்றது குரல். "இது எந்த ஊருன்னு சொல்லு தங்கச்சி."