காமனை எழுப்பாத நாடகம்

மீனம்மா அக்கா எங்களோடு கொழும்புக்கு வரப்போவதாக யாரும் சொல்லவில்லை. தப்பு மேளங்களையும் உடுப்புப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு நாங்கள் வட்டவளை ஸ்டேஷனுக்குப் போனால், ஈரக் குடையோடு எங்களுக்கு முன்னாலேயே அங்கே நிற்கிறாள். தேயிலைக் கொழுந்து கொட்டிக் கிடக்கும் நாளில் பறிக்க மலைக்குப் போகாமல் வந்திருக்கிறாள் என்றால் சும்மா வரவில்லை. அவளுடைய மகன் பிரதாப்புக்கு முகம் கறுத்துவிட்டது.

"நீங்க எதுக்கும்மா?"

"நீ போற, நான் வர்றேன். ரயிலு ஒங்கப்பன் வீட்டு ரயிலா?"

என் பெயர் செல்லசாமி. தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை. மாசி மாதம் வந்தால் காமன் கூத்தில் ரதி. அதற்காக ஆண்டுக்கு ஒருமுறை மீசையைப் பறிகொடுப்பேன். இந்த ஆண்டு ஆகஸ்டிலும் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. விடுமுறைக்கால நாடக விழா ஒன்றுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பத்திநாதன் சேர்தான் ஏற்பாடு. எங்கள் ஸ்கூலில் படிப்பிக்கிறவர், நல்ல மனிதர். ஆனால் விழாக்காரர்கள் கொடுத்த நேரம் நாற்பது நிமிடம். விடிய விடிய ஆடுகிற கூத்தை அதற்குள் அடக்கச் சொன்னால் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். மூன்றாம் நாள் காமனை எழுப்பும் கட்டத்தைச் சேர் வெட்டிவிட்டார். சிவன் காமனை எரிப்பதோடு நாடகம் முடியும்.

அக்காவை ரயிலேற்றியது அந்த வெட்டுதான். பிரதாப் வாடகைக்கு ஆட்டோ ஓட்டுகிற பிள்ளை. போன மாசியில்தான் முதல்முறையாகக் காமன் வேடம் கட்டினான். எங்கள் தோட்டத்தில் எரிந்த காமனை வெள்ளைத் துணியால் மூடிவிட்டால், பாட்டுப் பாடி எழுப்பும்வரை வேடம் கட்டியவன் வீட்டுப் படி மிதிக்க மாட்டான். எழுப்பாமல் விட்டதாக யாருக்கும் நினைவே இல்லை.

ரயிலில் நிற்க இடமில்லை. ஒரு சிங்களப் பெரியவர் எழுந்து, "வாடி வென்ன அம்மே" என்று தன் இடத்தைக் கொடுத்தார். அக்கா உட்கார்ந்தாள். கலபொட வருவதற்குள் எழுந்துவிட்டாள். கதவருகே போவாள், சாரல் அடித்ததும் திரும்புவாள், மகனைப் பார்ப்பாள், மறுபடி கதவுக்குப் போவாள். குட்டி போட்ட பூனை தோற்றது. நாவலப்பிட்டியில் கடலைக்காரன் ஏறியபோது அவனோடு சேர்ந்து கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்ச் சேருக்கு முன்னால் நின்றாள்.

"சேர், எரிச்சிட்டு எழுப்பாம வர்றதாங்க?"

"நேரமில்லம்மா. இது சாமி காரியமில்ல, நாடகம். லைட்ட அணைச்சதும் தம்பி எந்திரிச்சு வந்துருவாரு."

"நாடகமோ என்னவோ. படுக்கிறது என் புள்ள."

"அம்மா, மானத்த வாங்காதீங்க" என்றான் பிரதாப்.

அவன் அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. அப்பா போனபோது அவனுக்கு விவரம் தெரிகிற வயதில்லை. அவன் அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போன இடத்தில் குளவி கொட்டிச் செத்தவர். கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு ஒன்றை அவிழ்த்து அவரை மூடினார்கள். குளவி இன்னும் அடங்கவில்லை என்று அக்காவை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அதில் நானும் ஒருவன். பிடித்தது சரிதான், இல்லையென்றால் இரண்டு சாவு விழுந்திருக்கும். ஆனாலும் அவள் திமிறிய திமிறல் இன்னும் என் கையில் இருக்கிறது.

கடுகண்ணாவை இறக்கத்தில் என் பக்கம் வந்து நின்றாள்.

"தம்பி, ஒரு வார்த்த கூப்பிடக்கூட விடலியே அன்னைக்கி. கூப்பிட்டிருந்தா எந்திரிச்சிருப்பாருன்னு சொல்லல. கூப்பிடாமயே அனுப்பிட்டேன்ல? இப்ப இவனையும் மூடிட்டு லைட்ட அணைக்கிறாங்களாம்."

ரம்புக்கனையில் வெயில் ஏறிக்கொண்டது. கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் வந்து சேரும்வரை அவளும் உட்காரவில்லை, எங்களையும் உட்கார விடவில்லை.

மண்டபம் குளுகுளுவென்று இருந்தது. நெருப்புக் கூடாது என்று சிவப்பு லைட் கொடுத்தார்கள். தப்பு முழங்க, சிவன் கண் திறக்க, பிரதாப் விழுந்தான். முகத்தில் சாம்பலைப் பூசி, துணியைப் போட்டு மூடினோம். நான் ஒப்பாரி வைத்தேன். பாடிக்கொண்டே பார்த்தேன். எல்லாரும் உட்கார்ந்திருக்க, நடுப்பாதையில் அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

லைட் அணைந்தது. கைதட்டல் காதைப் பிளந்தது. மறுபடி லைட் வந்தபோது நாங்கள் வரிசையாக நின்று கும்பிட்டோம். பிரதாப் மட்டும் எழவில்லை.

துணிக்குள் அசைவே இல்லை. திரை மறைவிலிருந்து சேர் கையை ஆட்டினார். கைதட்டல் மெல்ல மெல்லக் குறைந்து நின்றேவிட்டது. குனிந்து, "டேய், எந்திரிடா" என்றேன்.

"அம்மா வரட்டும் மாமா" என்றான் உள்ளிருந்து.

ரயிலில் மானத்தை வாங்காதீங்க என்றவன்தான் இவன். நான் நிமிர்ந்து அக்காவைக் கையால் கூப்பிட்டேன். அதற்குள் அவள் பாதி தூரம் வந்துவிட்டாள். படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு மேடைக்கு ஏறினாள். தடுக்க வந்த விழாக்காரப் பையனைச் சேர் பிடித்து நிறுத்தினார். இன்றைக்கு யாரும் அவளைப் பிடிக்கவில்லை.

எழுப்பும் பாட்டு அவளுக்குத் தெரியும். எங்கள் லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். பாடுவாள் என்று தப்பைக்கூட ஏந்திக்கொண்டார்கள். அவள் பாடவில்லை. துணிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, நெஞ்சுப் பக்கம் கையை வைத்து, காலையில் வேலைக்கு எழுப்புவதுபோல மெதுவாகக் கூப்பிட்டாள்.

"பிரதாப்பு அப்பா. எந்திரிங்க. விடிஞ்சிருச்சு."

நான் இத்தனை ஆண்டாக ரதியாக நின்று அழுத அழுகையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

"எந்திரிங்க" என்றாள் மறுபடியும்.

துணி கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு விலகியது. சாம்பல் பூசிய முகத்தோடு பிரதாப் எழுந்து உட்கார்ந்தான். மண்டபம் எழுந்து நின்று தட்டியது, இதுவும் நாடகம் என்று நினைத்து.

அக்கா அந்தச் சத்தத்தைக் கவனிக்கவில்லை. முந்தானையால் சாம்பலைத் துடைத்துவிட்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயாடா?" என்றாள்.

"நான்தாம்மா."