குதிரைக்காரன் காசில் ஒரு துளை

என் கடையில் தராசு இரண்டு. பெரியது, போட்டுகளுக்கு ஆணியும் சங்கிலியும் நிறுக்க. உள்ளங்கை அகலத்தில் இருக்கும் சின்னது பழங்காசுகளுக்கு. துறைமுகத்துப் பக்கம் இரும்புச் சாமான் விற்கிற ஆள்தான் நான். ஆனாலும் ஏரலிலிருந்து வேம்பார் வரை யாருக்குப் பழங்காசு கிடைத்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

போன மாசியில் சங்கு குளிக்கிறவர் ஒருவர் வந்தார். முங்கும்போது மணலில் கிடைத்ததாம், டச்சுக்காரர் காலத்து வெள்ளிக் காசு, ஒரு பக்கம் குதிரைமேல் வீரன். இடது காதைத் திருப்பிக் காட்டினார்.

"காது சவ்வு கிழிஞ்சிட்டு. இனி முங்கப்படாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு அண்ணாச்சி. இது தேறிச்சின்னா பழைய லோடு ஆட்டோ ஒண்ணு வாங்கிக் கரையிலேயே கெடந்துருவேன்."

லென்ஸை வைத்துப் பார்த்தேன். காசு முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி பொடிக்குழிகள். வார்த்தெடுத்த போலிக் காசிலும் குழிகள் இப்படித்தான் இருக்கும். தராசில் வைத்தால் இருக்க வேண்டிய எடைக்கு நாலு கிராம் குறைவு. எனக்கு அது போதுமாக இருந்தது.

"போலி. உள்ள பித்தளை, மேல வெள்ளி முலாம்" என்றேன்.

ஓரத்தில் துளி உரசிப் பார்த்திருக்கலாம். கல்லாவில் ஆள் காத்து நின்றது, என் வாய் முந்திக்கொண்டது. அவர் காசைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பைக்குள் போட்டார். போகும்போது டிரில் பிட் ஒன்று வாங்கிக்கொண்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு மெக்கானிக் போட்டிலிருந்து கழற்றிய பித்தளை நட்டைக் கொண்டுவந்து, "இதே சைஸ் குடுங்க" என்றார். புதியதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பழைய நட்டின் மேலெல்லாம் அதே அம்மைத் தழும்பு. இரண்டையும் நிறுத்தேன். கடலில் கிடந்தது எடை குறைவு. உப்புத் தண்ணீர் தின்றிருக்கிறது. நட்டைத் தின்கிற கடல் வெள்ளியைத் தின்னாதா? உப்பு அரித்த சாமானோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்துகிறவனுக்கு, அன்றைக்கு இது தோன்றாமல் போனதே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அதன் பிறகு இருப்புக் கொள்ளவில்லை. சங்கு குளிக்கிறவர் போனுக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. உட்கார்ந்தேன், எழுந்தேன், திரும்ப அடித்தேன். அரை இஞ்சு கேட்டவருக்கு முக்கால் இஞ்சு போல்ட்டைக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, லென்ஸை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன்.

வீட்டில் அவர் மனைவி மட்டும் இருந்தார். "முங்கப் போயிருக்காவ. காதுல பஞ்ச அடச்சிட்டுத்தான் போறாவ. சொன்னா எங்க கேக்காவ?"

"அந்தக் காசு எங்க தங்கச்சி?"

அவர் சுவரைக் காட்டினார். சுவர் அலமாரித் தட்டில் மாதா சுருவம், ஒரு சாண் உயரச் சிலை. அதன் கழுத்தில் சிவப்புக் கயிற்றில் குதிரை வீரன் தொங்கினான், தலைக்கு மேலே ஒரு துளையோடு.

"கடல் குடுத்தது, வெலைக்கு ஆவலன்னா மாதாவுக்குப் போடுவோம்னு அவியதான் ஓட்ட போட்டாவ. ஒங்க கடை பிட்டுதான் அண்ணாச்சி."

காசைக் கழற்றித் தரச் சொன்னேன். துளைக்கு நேரே லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஒரு முகத்திலிருந்து மறு முகம் வரை பளிச்சென்று வெள்ளி. ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. இந்தத் துளை மட்டும் இல்லாவிட்டால் லோடு ஆட்டோ வந்திருக்கும். துளை விழுந்த காசுக்கு அதில் கால்வாசி விலைகூடக் கிடைக்காது.

"என்ன அண்ணாச்சி, போலிதான?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். உள்ளதைச் சொன்னால், ஒரு நிமிடம் அதற்கும் மனசு ஆசைப்பட்டது.

"அசல், தங்கச்சி. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் கோபப்படவில்லை. காசை என் கையிலிருந்து வாங்கி, சுருவத்தின் கழுத்தில் திரும்பப் போட்டு, கயிற்றை நேராக்கினார். பிறகு வாசலுக்குப் போய்க் கடல் பக்கம் பார்த்தபடி சொன்னார்:

"அப்ப இந்தப் பத்து நாளும் அவிய முங்கியிருக்க வேண்டாமே, அண்ணாச்சி."