பாட்டில் கடை ஆர்டித்

எனக்கும் ஆர்டித் கேனுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் என் முடிதிருத்தும் கடை, அந்தப் பக்கம் அவள் கடை. சோதனைக்குழாய், குடுவை, சாராய விளக்கு, குட்டி பாட்டில்களில் கந்தகம், படிகாரம், மயில்துத்தம் என்று வீட்டில் ரசாயனம் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். ஊரார் அதைப் பாட்டில் கடை என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரை நம்பி லாரிக்காரர் யாராவது உள்ளே போய் விஸ்கி கேட்பார்.

"இங்க இருக்கிற சாராயம் விளக்குல ஊத்தத்தான். குடிச்சா கண்ணு போயிடும், பரவாயில்லையா?" என்பாள் ஆர்டித். பிறகு அவளே சிரிப்பாள். அந்தச் சிரிப்பு சுவரைத் தாண்டி வந்து என் வாடிக்கையாளர்களையும் சிரிக்க வைக்கும்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோதுமைக் கிடங்கின் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இந்தக் கடையைப் போட்டாள். தேவாலயப் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேராகத் தம்பி மெர்ல் வீட்டுக்குப் போய்விடுவாள். மெர்ல் கோதுமை விவசாயி. பள்ளி நிர்வாகக் குழுவுக்கும் அவன்தான் தலைவன். அவன் மனைவி ட்வைலா கறியும் முட்டைக்கோசும் வைத்துச் சுடும் பீராக் ரொட்டி என்றால் ஆர்டித்துக்கு உயிர்.

அவள் கடைக்கு அதிகம் வந்தவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கிற தாய்மார்கள். பள்ளியில் பக்தி போதவில்லை என்பது அவர்கள் குறை. அவர்களில் கேரிஸ் பென்னர் என்பவள் வண்டி நிறையப் பிள்ளைகளோடு வருவாள். ஆர்டித் அந்தப் பிள்ளைகளுக்கு மயில்துத்தக் கரைசலில் நூலைத் தொங்கவிட்டு நீலப் படிகம் வளர்க்கக் கற்றுக்கொடுத்தாள். யார் எந்தச் சபை என்று அவள் கேட்டதே இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் பள்ளி நிர்வாகக் குழு ஒரு முடிவெடுக்கத் தயாரானது. உயிரியல் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். பரிணாமம் என்பது வெறும் ஊகம், மாணவர்கள் அதைச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும் என்று அதில் அச்சிட்டிருக்கும்.

உயிரியல் ஆசிரியர் நீல் ஹாகன் ஒரு நாள் குடுவை வாங்க வந்தவர், குடுவையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாராம். "நான் வாயத் திறந்தா அடுத்த வருஷம் எனக்கு இங்க வேலை இருக்காதுங்க. ரெண்டு சின்னக் குழந்தைங்க இருக்கு."

"வேற யார் பேசப் போறாங்க?" என்று கேட்டாளாம் ஆர்டித்.

"யாரும் இல்ல."

அன்று மாலை ஆர்டித் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். முடி வெட்டவில்லை. "நான் சும்மா இருந்துடலாம் இல்ல?" என்றாள்.

"தாராளமா இருக்கலாம். தலைவரே உன் தம்பிதானே."

"அதான்டி உறுத்துது" என்றாள்.

கூட்டம் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் நடந்தது. ஆளுக்கு மூன்று நிமிடம். நான் ஆர்டித்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மெர்ல் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தான்.

"அடுத்து, மிஸ் கேன்."

பிறந்ததிலிருந்து அக்கா என்று கூப்பிட்டவன். அந்த ஒரு வார்த்தையிலேயே அவள் பாதி தடுமாறிவிட்டாள். ஒலிவாங்கி முன்னால் நின்று, குழுவில் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி நன்றி சொன்னாள். அதற்கே நேரம் போயிற்று. பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு கைப்பிடி சுறாப் பல்லை எடுத்துக் காட்டினாள். எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் மழைக்குப் பிறகு அது சாதாரணமாகக் கிடைக்கும்.

"இது நம்ம எல்லார் வீட்டு ஜன்னல்லயும் இருக்கு. மெர்லும் நானும் சேந்து பொறுக்கினதுதான் இது. இங்கேருந்து கடலுக்குப் போகணும்னா எத்தனை நாள் வண்டி ஓட்டணும்? அப்ப சுறா எப்படி இங்க வந்துச்சு? அந்தப் பாறை மேல கொஞ்சம் வினிகர் விட்டீங்கன்னா நுரைக்கும். ஏன் நுரைக்குதுன்னா, அந்தப் பாறையே குட்டிக் குட்டி உயிருங்களோட ஓடுதான். நான் கர்த்தர விசுவாசிக்கிறவதான். ஆனா..."

மணி அடித்தது.

"நேரம் முடிஞ்சது."

"மெர்ல், நான் இன்னும் விஷயத்துக்கே வரலடா."

"மிஸ் கேன், நேரம் முடிஞ்சது. தயவு செஞ்சு உக்காருங்க."

பின்வரிசையில் ஒருவன், "குரங்குக்குப் பொறந்தவங்களுக்கு மூணு நிமிஷம் பத்தாது போல!" என்றான். கூடம் முழுக்கச் சிரித்தது. மெர்ல் சுத்தியலால் மேசையைத் தட்டினான். தலையை மட்டும் நிமிர்த்தவில்லை. வாக்கெடுப்பில் ஒரே ஒருவர் எதிர்த்தார். சீட்டு ஒட்டும் தீர்மானம் நிறைவேறியது.

சில நாள் கழித்துக் கேரிஸ் பிள்ளைகள் இல்லாமல் தனியாக வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. எங்க வீட்டுக்காரர் இனிமே ஆன்லைன்லயே வாங்கிக்கலாம்னு சொல்றார். நீங்க பிள்ளைங்களுக்கு எவ்வளவு செஞ்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்."

"படிகம் நல்லா வளந்துச்சா?"

"சின்னவனோடது கட்டை விரல் அளவு வந்துடுச்சு" என்று சொல்லும்போதே கேரிஸ் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே போனாள். அதன் பிறகு வரவில்லை. மற்றவர்கள் சொல்லிக்கொள்ளாமலே நின்றுவிட்டார்கள்.

அடுத்து யாரோ ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போன் செய்து, அந்தக் கடையில் போதை மருந்து காய்ச்சுகிற சாமான் விற்கிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள். வந்த காவலர் சின்ன வயதில் ஆர்டித்திடம் படிகம் வளர்க்கக் கற்றுக்கொண்ட பையன்தான், இப்போது மீசை வைத்திருந்தான். தொப்பியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பாட்டிலாகப் பார்த்தான்.

"தப்பா எதுவும் இல்லைன்னு எழுதிட்டேன்மா."

"அப்ப சரி."

"ஆனா புகார் வந்ததையும் எழுதித்தானே ஆகணும்."

அது போதுமானதாக இருந்தது. காப்பீட்டுக்காரர்கள் கடைக்கான காப்பீட்டை ரத்து செய்தார்கள். ஏஜெண்ட் நேரில் வந்து, "மேலிடத்து முடிவுங்க, என் கையில எதுவும் இல்ல" என்றார். காப்பீடு இல்லாத ரசாயனக் கடையைக் கட்டிடத்தில் வைத்திருக்கக் கட்டிட உரிமையாளரால் முடியாது. அவரும் மிகவும் வருத்தப்பட்டார். ஆர்டித்துக்குக் கோபப்பட ஓர் ஆள்கூடக் கிடைக்கவில்லை.

மெர்ல் வேலை உடையோடு ஓடி வந்தான்.

"நான் போன் பண்ணலக்கா. சத்தியமா."

"தெரியும்டா."

"ட்வைலாவும் பண்ணல."

"அதுவும் தெரியும்."

"யாருன்னு மட்டும் தெரிஞ்சா..."

"தெரிஞ்சா என்ன பண்ணுவ?"

 அதற்காக அவன் சும்மா இருந்தான் என்றும் சொல்ல முடியாது. வேறு காப்பீட்டு நிறுவனங்களுக்கெல்லாம் போன் செய்து பார்த்தான். தன் வயல் கொட்டகையில் சாமான்களை வைத்துக்கொள்ளச் சொன்னான். அப்படி வைத்தால் கொட்டகைக் காப்பீடும் போய்விடும் என்று தெரிந்ததும், சொன்னதைத் தானே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அன்று நடைபாதையில் முழங்கையை முட்டியில் ஊன்றி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

ரசாயனங்களைக் குப்பையில் போட முடியாது. அதற்கென்று உள்ள ஆட்கள் வெளியூரிலிருந்து வந்தார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகமூடி, கனத்த கையுறை. குழந்தைகள் கையில் கொடுத்துப் பழகிய படிகாரத்தை அவர்கள் இருவர் சேர்ந்து பெட்டியில் வைத்து மூடினார்கள். எதிர்க்கடை வாசலில் ஜனம் கூடி நின்று வேடிக்கை பார்த்தது. "பாரு, எவ்வளவு ஆபத்தானத வச்சிருந்திருக்கா" என்று ஒரு பெண் சொன்னது எனக்கே கேட்டது. ஆர்டித்துக்கும் கேட்டிருக்கும்.

"அது ஊறுகாய்க்குப் போடுற படிகாரம்தாங்க" என்று முகமூடிக்காரரிடம் சொன்னாள்.

"எங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரே விதிதான், மேடம்."

வசந்தத்தில் அவள் மறுபடி நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குப் போனாள். சொல்ல வந்ததை வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்து, நன்றி சொல்வதையெல்லாம் நீக்கி, நேரத்துக்குள் அடக்கியிருந்தாள். ஆனால் முடிந்துபோன விஷயத்தைப் பற்றிப் பேச அனுமதி இல்லையாம். மெர்ல் விதியை வாசித்தான்.  அவள் எதிர்வாதம் செய்யாமல் வெளியே வந்து, என் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். 

நீல் ஹாகன் அந்தக் கோடையிலேயே குடும்பத்தோடு பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவுக்குப் போய்விட்டார். போவதற்கு முன் ஆர்டித்திடம் மன்னிப்புக் கேட்க வந்தார். "உங்கள மாட்டிவிட்டுட்டேன்" என்றார். "நானாத்தானே போய் நின்னேன்" என்று அவள் அவருக்கே ஆறுதல் சொல்லி அனுப்பினாள். அவருக்குப் பதிலாக வந்தவர் அந்தப் பாடத்தை வருடக் கடைசிக்குத் தள்ளிவைத்து, நேரமில்லை என்று விட்டுவிடுகிறார். சீட்டு இன்னும் புத்தகங்களில் இருக்கிறது.

ஆர்டித் இப்போது அறுவடைக் காலத்தில் மட்டும் பழைய கிடங்கில் கோதுமையின் ஈரப்பதம் பார்க்கிறாள். அவள் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள்.

சென்ற ஞாயிறு மெர்ல் வீட்டில் எனக்கும் சாப்பாடு. ஜெபம் முடிந்தது. ட்வைலா எல்லார் தட்டிலும் பீராக்கை வைத்தாள். மெர்ல் முள்கரண்டியைக் கையில் எடுக்காமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நான் உனக்கு ஏதாவது செய்யணுமா?"

ஆர்டித் உண்மையிலேயே யோசித்தாள். அப்படி ஏதாவது ஒன்று இருந்தால் சொல்லியிருப்பாள் என்றே எனக்குத் தோன்றியது.

"கடுகு சாஸ் கிண்ணத்த இப்படித் தள்ளு" என்றாள்.

அவன் தள்ளினான். நாங்கள் சாப்பிட்டோம்.