மருதாணிச் செடியும் சபாபதியின் கேமராவும்

சிதம்பரத்தில் மாலை மாற்றிக்கொண்டவர்களில் பாதிப்பேரின் மோவாயையாவது சபாபதி தொட்டுத் தூக்கியிருப்பார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தொழில் அப்படி. மேலவீதிப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தார். மணப்பெண் மேடைக்கு வந்து உட்கார்ந்ததும் கேமராவைக் கீழே வைத்துவிட்டு ஓடுவார். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குவார், முந்தானை மடிப்பைச் சரிசெய்வார், மாலையை அரை விரல் இறக்குவார். "சாமி, ஆளைத்தான எடுக்கப் போறீரு, செதுக்கவா போறீரு?" என்று புரோகிதர்கள் கிண்டல் செய்வார்கள். அந்தக் கை சும்மா இருக்காது. எதையாவது சரிசெய்தால்தான் அதற்குத் தூக்கம் வரும்.

அப்படிப்பட்ட மனுஷனுக்குக் குருவிப் பைத்தியம் பிடித்தது இரண்டாயிரத்து ஏழில், டிஜிட்டல் கேமரா வாங்கிய பிறகு. பிலிம் காலத்தில் ஒரு குருவிக்குப் பின்னால் ஒரு ரோலை முடித்தால் கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். இப்போது எத்தனை தப்பு வேண்டுமானாலும் பண்ணலாம், அழித்துவிடலாம். வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை, இரண்டு தென்னை, துவைக்கிற கல், அதையொட்டி ஆள் உயரத்துக்கு மருதாணிச் செடி. அவ்வளவுதான் அவருடைய காடு. வேறெங்கும் போகமாட்டார். பிச்சாவரத்துக்கு வாங்க என்று நண்பர்கள் கூப்பிட்டால், "என் வூட்டுக்கு வர்றதையே இன்னும் ஒழுங்கா எடுக்கல" என்பார். உண்மைதான். முதல் ஆறு மாதம் அவர் எடுத்ததெல்லாம் வெறும் வால். குருவிகள் யாருக்காகவும் மோவாயைத் தூக்கிக் காட்டுவதில்லை. அதனாலேயே அவருக்கு அவற்றின் மேல் ஆசை அதிகமானது.

ஒருநாள் மதில்மேல் உட்கார்ந்த செம்போத்து ஒன்று ஏதோ மனசுவந்து நேராகப் பார்த்தது. அதைப் பெரிதாகப் போட்டுக் கடையில் மாட்டினார். பெண் பார்க்கக் கிளம்புகிறவர்கள் கடைக்குள் தலையை நீட்டி அதைப் பார்த்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். செம்போத்து கண்ணில் பட்டால் போன காரியம் ஜெயம் அல்லவா! படத்தில் இருக்கும் செம்போத்துக்கும் அது பொருந்துமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இரண்டாயிரத்துப் பத்து பங்குனியில் மகள் எழிலரசி பிரசவத்துக்கு வந்தாள். வடலூரில் மருமகன் பாலகுமார் வீட்டில் வளைகாப்பு முடிந்து அழைத்து வந்தார்கள். அது அவளுடைய முதல் கர்ப்பம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஐந்தாம் மாதத்தில் ஒன்று கலைந்துபோனது. அப்போது அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டியில் போய்வந்துகொண்டிருந்தாள். போதாதா ஊருக்கு! வண்டியில குலுங்கிக் குலுங்கிப் போனா எப்படித் தங்கும் என்று எல்லாரும் பேசினார்கள். முதலில் பேசியது அவளைப் பெற்ற சந்திரலேகாதான். ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டே பேசினாள். இப்படி நடப்பதற்கு வண்டி காரணமே இல்லை என்று டாக்டரம்மா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. எழிலரசி அன்றைக்கு அழவே இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று அதற்கும் ஒரு பேச்சு வந்தது.

அவள் வந்த வாரமே ஒரு சின்னான் குருவி ஜோடி மருதாணிச் செடியில் கூடு கட்டியது. தலையில் கறுப்புக் கொண்டை, வாலுக்கு அடியில் குங்குமத்தை அப்பியதுபோல் ஒரு சிவப்பு. சந்திரலேகாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"பாத்தியா மாமா, ரெண்டு பொண்ணுங்களும் ஒரே வாரத்துல தாய் வூட்டுக்கு வந்திருக்காளுவ!" என்றாள். சபாபதியின் அக்கா மகள்தான் அவள். கல்யாணத்துக்கு முன்னும் மாமா, பின்னும் மாமா.

துணி காயப்போடும் கொடியை வேறு பக்கம் மாற்றினாள். மருதாணி பறிக்க வந்த பக்கத்து வீட்டுப் பட்டம்மாளை வாசலோடு திருப்பி அனுப்பினாள். கூட்டில் மூன்று முட்டை. அவை பொரிந்து மூன்று குஞ்சுகள். இனி வீட்டில் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று முடிவே கட்டிவிட்டாள். "அதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா..." என்று ஒருதரம் தொடங்கியவள், மகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியதன் மிச்சத்தை எழிலரசி நாளெல்லாம் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள் என்பது சபாபதிக்கு அப்போது தெரியாது.

ஒருநாள் காலை வெயில் நன்றாக இருந்தது. தாய்க் குருவி பூச்சியோடு வந்து குஞ்சின் வாயில் வைக்கும் நேரத்தில், ஒரு கிளையின் நிழல் சரியாக அதன் முகத்திலேயே விழுந்தது. சபாபதி பொறுத்துப் பார்த்தார். கை கேட்கவில்லை. வீட்டில் கிடந்த பூக்கட்டும் நூலை எடுத்துவந்து, இரண்டு கிளைகளைப் பின்னால் இழுத்துக் கட்டினார். மணப்பெண்ணின் முடியை ஒதுக்குகிற அதே பதனம். ஒரு இலையைக்கூட வெட்டவில்லை. எடுத்து முடித்ததும் அவிழ்த்துவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தார். வாழ்நாளில் எடுத்ததிலேயே நல்ல படம் அன்றைக்குக் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போது கடையிலிருந்து போன். பரீட்சைக்கு விண்ணப்பம் போடும் பெண்ணொருத்தி பாஸ்போர்ட் போட்டோவுக்காகக் காத்திருக்கிறாளாம். ஓடினார். நூலை மறந்தார்.

உச்சிவேளைக்குச் சந்திரலேகா வழக்கம்போல் மதில்மேல் ஒரு பிடி சோறு வைத்தாள். காக்கைக்கு வைக்காமல் அந்த வீட்டில் யாரும் இலையில் கைவைப்பதில்லை. "கா... கா..." என்று கூப்பிட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வந்த காக்கை சோற்றைத் தின்றது. திரும்பிப் பார்த்தது. எதிரே, மறைப்பே இல்லாமல், கூடு.

சபாபதி சாப்பிட வந்தபோது இரண்டு சின்னான்களும் செடியைச் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. கூட்டில் ஒன்றுமில்லை. அவர் நூலை அவிழ்த்தார். கிளைகள் பழையபடி வந்து காலிக் கூட்டை மூடிக்கொண்டன.

"குஞ்சுங்க எப்படி மாமா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே சந்திரலேகா ரசம் ஊற்றினாள்.

"நல்லா இருக்கு" என்றார். கேமராவில் காலையில் எடுத்ததைக் காட்டினார். மறுநாள் கேட்டபோதும் அதையே காட்டினார். அதற்கு மறுநாளும். செடிப்பக்கம் போகக் கிளம்பியவளை, "கிட்ட போனா பயந்துக்கும்" என்று தடுத்தார். நாற்பது வருஷமாகப் பொய்ச் சிரிப்பையெல்லாம் நிஜமாக்கிக் காட்டியவருக்கு ஒரு பொய்யைத் தாங்கிக்கொண்டு சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கொல்லைக் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எழிலரசி மெதுவாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, எத்தினி நாளைக்கு அதே போட்டோவ காட்டுவீங்க?"

அவர் மருதாணிச் செடியைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் பாத்தேன்பா, காக்காதான். இங்கதான் உக்காந்திருந்தேன். எழுந்திரிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சி போச்சு. செருப்ப எடுத்து அடிச்சேன், அது எங்கியோ போய் விழுந்துச்சு. அம்மாகிட்ட நானும் சொல்லல."

"நான்தாம்மா பண்ணுனேன். கிளையைக் கட்டினவன் அவுக்கல. என் கைய ஒடச்சிப் போட்டாத் தேவல."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப எனக்கு நடந்ததும் என்னாலதானாப்பா? கூட்டுக்கு நீங்க பண்ணுன மாதிரி, நான் வண்டியில போயி..."

"அடி பைத்தியமே! கூட்டுக்கு நான் மறைப்பை எடுத்தேன். நீ என்னா பண்ணுன? டாக்டரம்மா அன்னிக்கே சொன்னாங்களே!"

"நீங்க சொன்னா போதுமாப்பா? டாக்டர் சொன்னாங்க, அவுரு சொன்னாரு, நீங்களும் சொல்றீங்க. அம்மா சொல்லணும். இந்தப் புள்ளைக்கும் ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா மறுபடி அம்மா மூஞ்சிய என்னால பாக்க முடியாது."

சபாபதி நேரே அடுப்படிக்குப் போனார். சந்திரலேகா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"குஞ்சு மூணும் போயிடுச்சு லேகா. அன்னிக்கே காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு. படத்துக்காக நான் கிளைய இழுத்துக் கட்டினேன். பழி என்னுது."

கீரை சிதறியது. "ஐயையோ! புள்ளத்தாச்சிய வூட்ல வச்சிக்கிட்டு என்னா காரியம் மாமா பண்ணியிருக்க! அந்தக் கை..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். "காக்காவா? எந்நேரம்?"

அவர் சொல்லும் முன்பே அவளுக்கே தெரிந்துவிட்டது.

"நான் கூப்புட்ட காக்காவா மாமா? சோத்தை வச்சிக் கூப்புட்டது நான்தானே! நானே வரவழச்சிக் குடுத்திட்டனா?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "தெனம் வைக்கிற சோறு லேகா. நீ எதுக்கு வச்ச? கெட்டது நெனச்சா வச்ச? ஒம்மேல என்னா தப்பு இருக்கு?" பிறகு, இரண்டு வருஷமாகச் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னார். "அவளும் தெனம் போற வண்டியிலதான் போனா."

சந்திரலேகா அவரையே பார்த்தாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து கொல்லைக்கு வந்தாள். மகளின் நாற்காலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, வீங்கியிருந்த அவள் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒன்னால இல்லடி கண்ணு. வண்டியால இல்ல. எனக்குத் தாங்க முடியாம யார் தலையிலயாவது போடணும்போல இருந்துச்சு, ஒன் தலையில போட்டுட்டேன். நீ ஒண்ணும் பண்ணல."

எழிலரசி அம்மாவின் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தத் தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். என்னமோ ஏதோ என்று பட்டம்மாள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "வலி வந்திடுச்சா?" என்று கத்தினாள். சபாபதி கதவோரத்திலேயே நின்றார். அழுகிறவளின் முகத்தில் முடி விழுந்து கிடந்தது. அவர் அதை ஒதுக்கப் போகவில்லை.

"அப்பவே அழணும்போல இருந்துச்சும்மா" என்றாள் அவள், விம்மலுக்கு நடுவில். "கொன்னவளுக்கு அழ என்னா யோக்கியதைன்னு சும்மா இருந்துட்டேன்."