ஆசான் ஏன் கண்ணை மூடிக்கொண்டார்

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனுக்கு டெலிபோன் மணி பயமில்லை. அதை எடுத்துக் கேட்டவர்கள் வந்து சொல்லும் வார்த்தைதான் பயம். சென்ற மாதம் ஒரு காலையில் எங்கள் ஆஸ்பத்திரி டிரைவர் ஷெட்டில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ரிசப்ஷன் பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "வேலாயுதண்ணா, ஆரியசாலை வரெ ஒண்ணு போணும். திருதி ஒண்ணும் இல்லா" என்றாள். அவசரம் இல்லையாம். எங்கள் தொழிலில் அவசரம் இல்லை என்றால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். ஆரியசாலையில் எங்கே என்று கேட்டேன். "ஏதோ சங்கமாணு, டிரைவிங் படிப்பிக்கிற சங்கம்" என்றாள். இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். நான் படித்த சங்கம் அது, நேரே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

நமக்கெல்லாம் ஓட்டச் சொல்லிக்கொடுத்த தாணுலிங்கம் ஆசான் சங்கத்து வேனில், வழக்கமான இடது பக்கச் சீட்டில், முகத்தின்மேல் தோர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தார். ஓட்டப் பழகிக்கொண்டிருந்த ராஜப்பன் கீழே தரையில் குத்தவைத்து அழுதுகொண்டிருந்தான். கிழக்கேகோட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறார்கள். வழியில் ஆசான் தோர்த்தை எடுத்து முகத்தில் போட்டிருக்கிறார். "ஆசான் கண்ணடச்சப்போ ஞான் பாஸாயின்னு நெனச்சு அண்ணா. சந்தோஷமா ஓட்டிக்கிட்டு வந்தேன். ஷெட்டுல வந்து விளிச்சா, விளி கேக்கல்ல" என்றான். இருதயம் நின்றுவிட்டது என்று எங்கள் டாக்டர் பிறகு சொன்னார்.

அது என்ன பாஸ் என்று, சங்கத்தில் ஓட்டப் படித்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆரியசாலைக் கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிற தர்மக் காரியம் அந்தச் சங்கம். வேலை போய், உடம்பு போய், தைரியம் போய் வீட்டில் முடங்கிக் கிடக்கிற ஏழைப்பட்ட ஆண் பெண்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்து மறுபடி வேலைக்கு அனுப்புவார்கள். வற்றல் மிளகாய் மூட்டை அடுக்குகிற கிட்டங்கியின் மாடியில் தையலும் டைப்பும் நடக்கும். டைப் படிக்கிற பெண்கள் தும்மிக்கொண்டேதான் படிப்பார்கள். கீழே ஷெட்டில் டிரைவிங். அதற்கென்று ஒரு வேன் உண்டு, ஏதோ ஆஸ்பத்திரி வேண்டாமென்று தள்ளிய பழைய ஆம்புலன்ஸ். வெள்ளைப் பெயின்ட் இரண்டு கை அடித்தும் சிவப்புச் சிலுவைக் குறி அடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த வேனில் பக்கத்தில் உட்கார்ந்து வரும் ஆசான், ஒரு நாள் திடீரென்று கண்ணை மூடிக்கொள்வார். அவர் கண்ணை மூடிவிட்டால் நாம் பாஸ். நம்மை நம்பித் தூங்குகிறார் என்று எல்லோரும் பெருமைப்பட்டுக்கொண்டோம். அது தூக்கம் அல்ல என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சங்கத்துக்குப் போனது என் இஷ்டத்தில் அல்ல. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து, சாலைக் கம்போளம் என்கிற சந்தையில் ஒரு மொத்த வியாபாரிக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மழை நாளில் ஆரல்வாய்மொழி இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லாரி கவிழ்ந்தது. கிளீனருக்குக் கால் முறிந்து, பிறகு கூடிவிட்டது. எனக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் அதற்கப்புறம் வளையத்தைத் தொட முடியவில்லை. ஸ்டீயரிங்கை இந்த ஊரில் வளையம் என்பார்கள். பஸ்ஸில் பயணியாகப் போனால்கூட இறக்கம் வந்தால் என் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். ஒன்றும் செய்யாமல் வீட்டில் இருந்தேன். என் மனைவி செல்லம்மை கோட்டைக்குள் அக்கிரகாரத்து வீடுகளில் மாவாட்டிக் கொடுத்துக் குடும்பத்தை நடத்தினாள். ஒரு நாள் என் சட்டையைக் கொண்டுவந்து மடியில் எறிந்தாள். "இன்னிக்கு நீங்க அந்தச் சங்கத்துக்குப் போவல்லேன்னா, நான் பிள்ளையளக் கூட்டிக்கிட்டு எங்க அம்மை வீட்டுக்குப் போயிருவேன். பொறவு இந்தச் சொவரப் பாத்துக்கிட்டே இருங்க" என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள். அந்தப் பயத்தில்தான் கிளம்பினேன்.

ஆசானுக்கு அப்போது என் வயதுதான் இருக்கும். ஒல்லியான ஆள், தோளில் வெள்ளைத் தோர்த்து. பஸ் டிரைவராக இருந்தவர் என்று சொன்னார்கள். என்னை வளையத்துக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, சாவியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"எதுக்குப் பயப்படுக? வாயத் தொறந்து சொல்லு."

"பிரேக்கு, ஆசானே."

"பொறவு?"

"எறக்கம்."

"பொறவு?"

"உங்களையும் கொஞ்சம் பயந்தான்."

சிரித்துவிட்டார். "பயம் இல்லேன்னு சொல்லுகவன நான் வண்டியில ஏத்த மாட்டேன், கேட்டியா. பயத்த எறக்கி விட ஒண்ணும் வேண்டாம். அது பின் சீட்டுல இருந்து வரட்டும். வளையத்த அதுக்க கையில குடுக்காம இருந்தாப் போரும்" என்றார். அன்று முழுக்க எஞ்சினைப் போடவே இல்லை. சும்மா உட்கார்ந்துவிட்டு, சங்கத்துச் சோற்றைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன். செல்லம்மை என்ன படித்தீர்கள் என்று கேட்டாள். பயப்படப் படித்தேன் என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நாள் கழித்துச் சாலைக் கம்போளத்துக்குள் வண்டியை விடச் சொன்னார். கைவண்டியும் சுமட்டுக்காரர்களும் வெங்காய மூட்டையுமாக அந்தச் சந்து உங்களுக்குத் தெரியும். நட்டநடுவில் எஞ்சினை நிறுத்திவிட்டேன். மறுபடி போட்டால் பிடிக்கவில்லை. முன்னாலும் பின்னாலும் ஒரே கத்தல். "எடுத்தோண்டு போடோ!" என்று ஒருவன் பானெட்டில் அறைந்தான். எனக்குக் கண் இருட்டிவிட்டது. ஆசான் மெதுவாக இறங்கிப் போனார். என்னை விட்டுவிட்டு ஓடிவிட்டார் என்றே நினைத்தேன், அத்தனை பயம். அவரோ ஒரு கிளாஸ் சாயா வாங்கிக்கொண்டு வந்து ஜன்னல் வழியாக நீட்டினார். "குடிச்சு முடிச்சிட்டு எடு. கம்போளம் ஒண்ணும் ஓடிப் போவாது" என்றார். ஊரே திட்டிக்கொண்டிருக்க, நான் ஊதி ஊதிக் குடித்தேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கண்ணை அகல விரித்து, என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒன்றை மட்டும் நாம் யாரும் யோசிக்கவில்லை. ஷெட்டிலிருந்து வண்டியை வெளியே எடுப்பதுகூட நம்மில் ஒருவர்தான். ஆசான் என்றால் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர், அவர் ஏன் ஓட்ட வேண்டும் என்று விட்டுவிட்டோம்.

கடைசியில் என்னைப் பொன்முடி மலைக்கு ஓட்டச் சொன்னார். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. கொண்டையூசி வளைவுகளில் ஹாரன் அடித்து, முதல் கியரில் ஊர்ந்து ஏறினேன். பாதி வழியில் திரும்பிப் பார்க்கிறேன், ஆசான் தோர்த்தை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்திருக்கிறார். பாஸ்! செல்லம்மையிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் மீதி வளைவெல்லாம் யோசித்தேன்.

மேலே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம். மஞ்சு இறங்க ஆரம்பித்திருந்தது. மூடுபனியை இங்கே அப்படித்தான் சொல்வோம். திடீரென்று "ஆஸ்பத்திரி வண்டி வந்துட்டு!" என்று கூச்சல். லயத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காலையிலிருந்து வலியாம், பிள்ளை இறங்கவில்லையாம். பஸ் சாயந்திரம்தான்.

"இது ஆஸ்பத்திரி வண்டி இல்லே தாயீ. நாங்க ஓட்டிப் பழகுக வண்டி" என்றார் ஆசான்.

வயதான ஒரு லயத்துக்காரி சிலுவைக் குறியைக் கையால் தடவிக் காட்டினாள். "குறி போட்டிருக்கே ஐயா. பின்ன இது என்ன வண்டி?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணைப் பின்னால் படுக்கவைத்தார்கள். கிழவியும் ஏறிக்கொண்டாள்.

நான் கீழே இறங்கிச் சாவியை ஆசானிடம் நீட்டினேன். "நீங்க எடுங்க ஆசானே. ரெண்டு உசிரு. என்னால ஆவாது" என்றேன்.

அவர் சாவியைத் தொடவே இல்லை. உதடு வெளுத்திருந்தது. என்னை வண்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார். "எனக்கு ஓட்ட முடியாதுடே. வேற ஒரு மலையில, இதே போல மஞ்சுல, என் பஸ்ஸுக்கு முன்னால ஒருத்தன் நடந்து வந்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன் மொகம். பிரேக்குல ஏறி நின்னேன். நிக்கல்ல. அதுக்குப் பொறவு நான் வளையத்தத் தொட்டதில்ல. முன்னால பாக்கவும் பயம். எந்த வளைவுலயும் அவன் நிப்பான்னு தோணும்."

மலையில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் இரண்டு பேர், இரண்டு பேரும் பயந்து செத்துக்கொண்டிருக்கிறோம். உள்ளே அந்தப் பெண் "அம்மா" என்று கத்தினாள். ஏறி உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய?

முதல் இறக்கம் எப்படியோ போயிற்று. அடுத்த வளைவுக்கு வருவதற்குள் மஞ்சு மூடிவிட்டது. பானெட்டின் முனைகூடத் தெரியவில்லை. இடது பக்கம் பள்ளம் என்று மட்டும் தெரியும். வண்டியை நிறுத்திவிட்டேன். பிரேக்கிலிருந்து காலை எடுக்க வரவில்லை. வேர்வை கண்ணில் இறங்குகிறது. பின்னாலிருந்து கிழவி, "நிறுத்தாதீங்கய்யா, அவ தாங்க மாட்டா" என்று அழுகிறாள்.

அப்போது ஆசான் கதவைத் திறந்து இறங்கினார். "நான் முன்னால நடக்கேன். தோர்த்தப் பாத்துக்கிட்டே வா" என்றார்.

அவர் பஸ்ஸுக்கு முன்னால் அந்த மனிதன் நடந்த மாதிரியே நடக்கப் போகிறார் என்று எனக்கு உறைத்தது. "வேண்டாம் ஆசானே!" என்று கத்தினேன்.

"பேசாதே. பேசினா நான் திரும்பி ஏறிருவேன்."

வண்டிக்கு முன்னால் போய் நின்று, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தோர்த்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நடக்க ஆரம்பித்தார். அந்த வெள்ளைத் துணியும் அவர் முதுகும்தான் எனக்கு ரோடு. தோர்த்து நடுங்கிக்கொண்டிருந்தது வளையத்திலிருந்தே தெரிந்தது. என் காலுக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் அந்தப் பிரேக் ஒன்றுதான். கடவுளே, பிடி, பிடி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மிதித்தேன். பிடித்தது. ஒவ்வொரு வளைவிலும் பிடித்தது. அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மஞ்சு விலகிய இடத்தில் வந்து ஏறிக்கொண்டார். பல் கிட்டிப்போயிருந்தது. தோர்த்தைப் பிழிந்து மறுபடி முகத்தில் போட்டுக்கொண்டார். அடிவாரத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிழைத்தாள். அந்தக் கிழவி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மலையிலிருந்து பிள்ளைத்தாய்ச்சியை இறக்கிக் கொண்டுவந்தவன் என்று சொல்லித்தான் சங்கம் பிறகு எனக்கு இந்த ஆம்புலன்ஸ் வேலையை வாங்கிக்கொடுத்தது.

ஆஸ்பத்திரி வாசலில் சாயா குடிக்கும்போது கேட்டேன். "அப்போ, பயந்துதான் கண்ண மூடுதீங்க?"

"ஆமாடே. பின்ன?"

"நாங்க பாஸுன்னு நெனச்சது?"

எரிச்சலாக என்னைப் பார்த்தார். "லே, ஓட்டத் தெரியாதவனுக்கப் பக்கத்துல கண்ண மூடிக்கிட்டு இருக்க எனக்கென்ன கிறுக்கா? எனக்கு எந்நேரமும் மூடிக்கிடணும்னுதான் இருக்கும். ஆளு செரியான பொறவுதான் மூடுவேன். கம்போளத்துல உனக்கப் பக்கத்துல நான் கண்ண மூடினேனா?"

பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் இருக்க வரைக்கும் யாருட்டயும் சொல்லாதே. பொறவு எல்லாருட்டயும் சொல்லு. இல்லேன்னா தாங்க மட்டுந்தான் பயந்தாங்கொள்ளின்னு நெனச்சிட்டுத் திரிவானுவ" என்றார். இத்தனை வருஷம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

ஆசானைக் கொண்டுபோய் எரித்து வந்த பிறகு ராஜப்பன் வண்டியைத் தொடவில்லை. கிடைக்கவிருந்த ஸ்கூல் பஸ் வேலைக்கும் போகவில்லை. அவன் மனைவி எங்கள் பக்கத்துத் தமிழ்க்காரி. போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்து, செல்லம்மை முன்னால் உட்கார்ந்து அழுதாள். ஆசான் தோர்த்தைப் போட்டது பாஸுக்கு அல்ல, தான் சரியாக ஓட்டாததால்தான் பயந்து உயிரை விட்டார் என்று சொல்லிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறானாம். அந்தச் சுவர் எனக்குத் தெரியும். செல்லம்மைக்கும் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள்.

ராஜப்பா, உனக்குத் தமிழ் வாசிக்க வராது. உன் வீட்டுக்காரி வாசித்துச் சொல்லட்டும். ஆசான் உன் பக்கத்தில் கண்ணை மூடினார் என்றால் நீ பாஸ். உயிர் போகப்போவது அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, ஆள் சரியில்லாமல் அவர் தோர்த்தை எடுத்திருக்க மாட்டார். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று சங்கத்தில் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அது வருமா என்று தெரியாது. ஆசானுடைய அக்காள் அந்தத் தோர்த்தை என்னிடம் கொடுத்திருக்கிறாள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுவும், வாய்விட்டுச் சொல்லப் பழகின பயமும்தான். வருகிற ஞாயிறு ஷெட்டுக்கு வா, வண்டியை நீ எடு. இடது பக்கச் சீட்டில் உட்கார எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, ராஜப்பா. கிழக்கேகோட்டை வளைவு வரும்போது நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.