பெட்டிக்குள் ஒரு சிட்டிகை திருநீறு

என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஏன் என்று சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சிட்னியில் நாங்கள் கட்டிய விண்கலம் ஒன்றைச் சோதனைக்காக மெல்பேர்னுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வீதியால் போனால் குலுக்கல் தாங்காது. அதனால் ஒரு பழைய ஜம்போ விமானத்தை ஒழுங்கு செய்திருந்தோம். ஒருகாலம் ஆட்களை ஏற்றிய விமானம் அது. கதிரைகளைக் கழற்றி, விலாவில் பெரிய கதவு வெட்டிச் சரக்கு விமானமாக்கியிருந்தார்கள். விண்கலத்துக்குத் தூசிதான் எமன். அதன் வெள்ளைப் பெட்டிக்குள் வடிகட்டிய காற்று ஓடும். தூசி புகுந்தால் அதை அளக்கும் மானி சிவக்கும். இந்த விதிகளை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

எழுதிய கைதான் மீறியது. எங்கள் ஆட்கள் புதுக் கார் வாங்கினால் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் கொண்டுபோய் நிறுத்தி, சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, திருநீறு பூசித்தான் ஓட்டுவோம். இத்தனை வருட உழைப்பை வெறுமனே அனுப்புவதா? முதல்நாள் கோயிலில் வாங்கிய பொட்டலம் என் சட்டைப் பையில் இருந்தது. மூடியைப் பூட்டுமுன் கடைசியாக நின்றவன் நான். ஒரு சிட்டிகை எடுத்துப் பெட்டியின் உள்மூலையில் பூசினேன். உள்ளே காற்றாடி சுழலும் என்பது அந்த நேரம் இந்தப் பொறியியலாளனின் மண்டையில் ஏறவில்லை.

விமான நிலையத்துக்கு லொறி புறப்படுமுன்னமே மானி சிவந்தது. தலைமைப் பொறியியலாளர் பெட்டியைத் திறந்து துணியால் ஒற்றினார். சாம்பல் வெள்ளையாகத் தூள் ஒட்டி வந்தது. அவருடைய பார்வை நேரே வாசலில் நின்ற அன்ரியிடம் போனது.

அன்ரி என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன். கிளிநொச்சியிலிருந்து வந்தவர், அறுபதைத் தாண்டியவர், காலையில் எங்கள் அறையைத் துடைப்பவர். நெற்றி நிறையத் திருநீறு. ஆங்கிலம் அதிகம் வராது. "என்னவென்று கேள்" என்றார் தலைமை. மொழிபெயர்க்க நான்தானே இருந்தேன்.

"அன்ரி, பெட்டிக்குள்ள திருநீறு கிடக்குது. உங்கட நெத்தியில இருந்து கொட்டினதோ எண்டு கேக்கினம்."

அவர் நெற்றியைத் தொட்டு விரலைப் பார்த்தார். "ஐயோ தம்பி, நான் பெட்டிக்குக் கிட்டவும் போகேல்லை. ஆனா தொப்பி போடேக்க கொட்டினதோ தெரியாது. என்னாலயோ இவ்வளவும்?"

"கொட்டியிருக்கலாம் என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கிட்டவும் போகவில்லை என்றதை விழுங்கிவிட்டேன்.

"மன்னிப்புக் கேக்கிறன் எண்டு சொல்லுங்கோ தம்பி" என்றார். அதை மட்டும் ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

இனி வரவேண்டாம் என்று அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டார்கள். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒரு எச்சரிக்கைக் கடிதம், சாப்பாட்டு மேசையில் நாலு நாள் பகிடி. அவ்வளவுதான். அதற்குத்தான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன்.

பெட்டியைத் துடைத்து, மறுநாள் காலை ஜம்போவின் விலாக் கதவால் ஏற்றினோம். விமானத்துக்கு முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்தோம். அதில் பல்லெல்லாம் தெரிய நான் சிரிக்கிறேன். மெல்பேர்ன் வரை மேல்தட்டில், விமானிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து போனேன்.

இரண்டு மாதம் கழித்து மேய்ஸ் ஹில் கோயிலில் அன்ரியைக் கண்டேன். ஒளிய இடமிருந்தால் ஒளிந்திருப்பேன். அவரே கிட்ட வந்தார்.

"தம்பி, அந்தச் சாமான் பழுதில்லாமப் போய்ச் சேந்ததோ?"

"ஓம் அன்ரி."

"அப்பாடா. என்ர பிழையால கெட்டுப்போகக் கூடாதெண்டு வெள்ளிக்கிழமையில விரதம் பிடிக்கிறன்."

அப்போதுதான் பார்த்தேன், அவருடைய நெற்றி வெறுமையாக இருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு கூச்சத்தோடு சிரித்தார். "இப்ப வேற இடத்தில துடைக்கிறன். அங்கையும் கொட்டிப்போடுமோ எண்டு பயத்தில பூசுறதை விட்டிட்டன்."

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஐயர் தட்டோடு வந்துவிட்டார். அன்ரி உள்ளங்கையில் திருநீறை வாங்கி, கண்ணில் ஒற்றி, அப்படியே என் பக்கம் நீட்டினார்.

"நான் பூசேல்லை, நீங்கள் பூசுங்கோ தம்பி."

பூசினேன்.