கழுவாத நெற்றி

சாம்பல் பூசும்போது கொஞ்சம் மூக்கின் மேல் உதிரும்... அந்த நமைச்சல் இருக்கிறதே, இத்தனை வருடம் ஆகியும் எனக்கு மறக்கவில்லை. சொறியவும் முடியாது, தும்மவும் பயம். தும்மினால் மிச்சமும் போய்விடும்!

ராயபுரத்தில் எங்கள் வீட்டில் சாம்பல் புதன் என்றால் விடிவதற்குள் பூசை. குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் தந்த ஓலையை வருடம் முழுக்க மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்போம். தவக்காலம் வரப்போகிறது என்றதும் அதைக் கோயிலில் திருப்பிக் கொடுப்போம். அதை எரித்துத்தான் சாமியார் நெற்றியில் சிலுவை போடும் சாம்பல். அதனால் என் நெற்றியில் இருப்பதில் எங்கள் வீட்டு ஓலையும் கொஞ்சம் இருக்கிறது என்று எனக்கு ஒரு கணக்கு. யாரும் லேசில் அழித்துவிட முடியாது என்று ஒரு திமிரும்.

அந்தத் திமிருக்கு ஒரு நாள் சோதனை வந்தது.

அப்போது நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கடைசி வருடம். லேத் பிராக்டிகல் பரீட்சை சரியாகச் சாம்பல் புதன் அன்று வந்து விழுந்தது. அப்பாவுக்கு ஹார்பரில் வேலை. அவர் யார் யாரிடமோ சொல்லி, திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் எனக்கு அப்ரண்டிஸ் இடம் பேசி வைத்திருந்தார். அரியர் ஒன்று இருந்தாலும் எடுக்க மாட்டார்கள். இந்தப் பரீட்சை போனால் எல்லாம் போச்சு.

ஒருசந்தி வேறு, நாள் முழுக்க ஒரு வேளைச் சாப்பாடுதான். காலையில் ஒரு டீ மட்டும் குடித்துவிட்டு ரயிலேறிப் போனேன்.

காக்கிச் சட்டை போட்டு ஒர்க்‌ஷாப் வாசலுக்குப் போனால் எங்கள் சார் நிற்கிறார்.

"இன்னாம்மா இது, மூஞ்சில கரி? எக்ஸ்டர்னல் வர்றாரு. போய்க் கழுவிட்டு வா."

"கரி இல்ல சார். சாம்பல். கோயில்ல வெச்சது."

"எதுவா இருந்தா இன்னா? பாக்கறதுக்குக் கலீஜா கீது. டிபார்ட்மென்ட் மானம் போவும். கழுவுனா உள்ள வா, இல்லன்னா வெளியவே நில்லு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அது ஒர்க்‌ஷாப், சாமி! சாயங்காலம் அங்கிருந்து வெளியே வருகிற ஒருத்தர் முகமாவது வெள்ளையாக இருக்குமா? கிரீஸ் இருக்கலாம், ஆயில் இருக்கலாம், இரும்புத்தூள் இருக்கலாம். இது மட்டும் அழுக்கா? எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"நிக்கறேன் சார்."

சொல்லிவிட்டேன். உள்ளே மற்றவர்கள் ராடைச் சக்கில் மாட்டி லேத்தை ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா முகம் கண் முன்னால் வந்தது. குழாய் இரண்டு அடி தள்ளித்தான். ஒரு கை தண்ணீர் போதும்... கடவுள் என்ன கோபித்துக்கொள்ளவா போகிறார்?

போகவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்போது கற்பகம் லேத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். திருவொற்றியூர்க்காரி, என் பெஞ்சுத் தோழி. தினமும் நெற்றி நிறையத் திருநீறு பூசி வருவாள்.

"சார், எம் பட்டைய ஒரு நாளாவது அழிக்கச் சொல்லிக்கீறீங்களா? அப்ப இவுளுது மட்டும் இன்னா சார்? இவ வந்தா நானும் வர்றேன்."

என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். "லூசாடி நீ, போடி உள்ள" என்றேன். "ஷ்ஷ்..." என்றாள். சார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

வெளிக் கல்லூரியிலிருந்து மார்க் போட வரும் எக்ஸ்டர்னல் வந்தார். வயசான மனிதர். விஷயத்தைக் கேட்டார். என் நெற்றியை ஒரு தடவை பார்த்தார்.

"லேத்துக்கு இதெல்லாம் தெரியுமா? டைம் ஆவுது, போங்கம்மா ரெண்டு பேரும்."

அவ்வளவுதான். பெரிய நியாயமெல்லாம் பேசவில்லை. தாமதமானதால் என் ஜாப் முழுசாக முடியவில்லை. பிடி வழுக்காமல் சொரசொரப்பாக்கும் நர்லிங் பாதியில் நின்றது. வேர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. சாம்பல் போய்விடுமே என்று கடைசி வரை துடைக்கவே இல்லை. தட்டுத்தடுமாறி பாஸ். வேலையும் கிடைத்தது.

இப்போது என் மகள் ஜெசி ஒன்பதாவது படிக்கிறாள். இந்த வருடம் சாம்பல் புதன் அன்று அவள் பள்ளியிலிருந்து போன். அந்தக் காலம் போல அதட்டல் இல்லை, குரலில் தேன் ஒழுகுகிறது.

"மேடம், இன்னைக்கு கிளாஸ் போட்டோ எடுக்கறாங்க. ஜெசி நெத்தியில இருக்கறத மட்டும் கழுவச் சொல்றீங்களா? காலத்துக்கும் இருக்கற போட்டோ பாருங்க..."

"காலத்துக்கும் இருக்கட்டும் மேடம். அப்படியே எடுங்க" என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் ஜெசி வருகிறாள். நெற்றி சுத்தமாக இருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எவடி கழுவச் சொன்னது? நாளைக்கே வர்றேன் பாரு!"

"அய்யோ, யாருமே சொல்லலம்மா. போட்டோல பளிச்சுன்னு கீது. அப்பால கபடி ஆடுனேன், வேத்துச்சி, தொடச்சிக்கினேன்."

"தொடச்சியா?"

"பின்ன? சாம்பல் போனா சாமியும் பூடுமா?"

பையைப் போட்டுவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். கண் எரிய எரிய நான் காத்த ஒன்றை இவள் விளையாட்டோடு விளையாட்டாகச் சுமக்கிறாள். எனக்கு ஒரு பொட்டுப் பொறாமை. அதைவிடப் பெரிய சந்தோஷம்.

நேற்று அந்த போட்டோ வந்தது. இரண்டாவது வரிசையில் என் மகள், கழுவாத நெற்றியோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். மாதா படத்துக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டிவிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்கள் "இன்னா, புள்ள நெத்தியில கரி?" என்று கேட்பார்கள்.

கேட்கட்டும்.